சொல்லின் செல்வனின் முதல் நேர்காணல்

செஞ்சியின் கீழ்க்கோட்டையில் 16-ஆம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கர் எழுப்பிய வெங்கடரமணர் கோயிலின் நுழைவாயிலில் இராமாயணக் காட்சிகள் சிற்பங்களாகப் பொலிகின்றன. பேரனையோ பேத்தியையோ வேலைக்கான நேர்காணலுக்கு அனுப்பவிருக்கும் பெரியோர், அங்கே சற்று நின்று அக்காதையின் ஒரு கட்டத்தை நினைவுகூர்வது நலம். அனுமன் இராமபிரானை முதன்முதலாகச் சந்தித்த கட்டம் அது.

வில்லேந்திய இருவரைக் கண்டு சுக்ரீவன் நடுங்கினான். அவனைத் தேற்றிவிட்டு, துறவி வேடத்தில் அனுமன் சென்றான். எதிரே நிற்பவர் யாரென அறியாத நிலையிலும் அவன் பதறவில்லை. தான் யார், தன்னை அனுப்பியவர் யார், வந்த நோக்கம் என்ன என்பவற்றை முறையாகக் கூறினான். தன் மாற்றுருவையும் மறைக்கவில்லை.

கேட்டு முடித்த இராமபிரான் இளையவனிடம் உரைத்த மதிப்பீட்டை வால்மீகி முனிவர் கிஷ்கிந்தா காண்டத்தில் தருகிறார். வேதங்களைக் கற்றவன், இலக்கணத்தைப் பலமுறை பயின்றவன், இவ்வளவு பேசியும் பிழைபட்ட சொல் ஒன்றில்லை, முகத்திலும் கண்ணிலும் புருவத்திலும் குறை தென்படவில்லை, பேச்சு நீளவுமில்லை, இழுபடவுமில்லை, குரல் நடுத்தரமாக ஒலித்தது.

அந்த அமைதி அக்கணத்தில் பிறந்ததன்று. கற்ற கல்வி முன்னரே தந்தது. வங்கி அலுவலர் பணிக்கான பொதுத் தேர்விலும் முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்காணலுக்கு 20 என்ற விகிதமே கணக்கு. அழைப்பு பெற்ற பிள்ளை பெரும்பகுதியை ஏற்கெனவே கடந்துவிட்டது. இதை முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து, நாள்தோறும் அரைமணி நேரம் பெரியவர் எதிரே அமர்ந்து வினாத் தொடுக்கலாம். 'உன் ஊரின் சிறப்பு என்ன?' என்பது வழக்கமாக வரும் வினா. செஞ்சிப் பிள்ளைக்கு விடைக்குப் பஞ்சமில்லை. 1677-இல் சத்ரபதி சிவாஜி கைப்பற்றிய கோட்டை இது. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மராட்டியர் காலக் கோட்டைகள் 12-இல், தமிழகத்தில் உள்ளது இது ஒன்றே. தெரியாத வினாவுக்குத் 'தெரியவில்லை, ஐயா' எனத் தயங்காமல் சொல்லவும் பழக்க வேண்டும்.

முந்தைய இரவே சான்றிதழ்களை அடுக்கிவைத்துவிட்டு, நேரத்தோடு உறங்கட்டும். புறப்படும் வேளையில், 'இந்த வேலை கிடைத்தே தீர வேண்டும்' என்ற சொல் வீட்டில் எழலாகாது. அன்பினால் சொன்னாலும் அது நெஞ்சில் பாரமாய் இறங்கும். அறிந்த விடையும் தொண்டையிலேயே நின்றுவிடும். நெற்றியில் திருநீறிட்டு, 'தெரிந்ததைச் சொல்லிவிட்டு வா, கண்ணு. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீ எங்கள் பிள்ளை' என்று அனுப்பினால் போதும்.

வேண்டுதலை ஆஞ்சநேயரிடம் பெரியவர்கள் சொல்லிக்கொள்ளலாம். பிள்ளையின் தோளில் அதை ஏற்ற வேண்டியதில்லை.