பஸ்ஸைத் திருப்பும் குட்டிக் குண்டுகள்!

போடிநாயக்கனூரில் இருந்து ஏலக்காய் மலைக்கு ஏறும் பாதையில், போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் மலை. மறு பக்கம் பள்ளம்!

பல டன் எடையுள்ள பஸ்ஸை டிரைவர் எப்படித் திருப்புகிறார்?

பல பஸ், லாரிகளில் ஸ்டீரிங் தண்டின் அடியில் ஒரு திருகு உண்டு. அதன் மேல் ஒரு நட்டு. இரண்டும் நேராக உரசினால், கையின் பலத்தில் பாதிக்கு மேல் வீணாகிவிடும்.

ஆகவே, நடுவில் எஃகு குண்டுகளைப் போட்டிருக்கிறார்கள். சைக்கிள் பால்ரஸ் குண்டுகள் போன்றவைதான். திருகு சுழன்றால் குண்டுகள் உருளும், நட்டு நகரும், சக்கரங்கள் திரும்பும். ஓரத்துக்கு வந்த குண்டுகள், குழாய் வழியாகப் பழைய இடத்துக்கே போய்ச் சேரும். இதுதான் "பால் ஸ்குரு". பலத்தில் சுமார் 10-ல் 9 பங்கு வேலைக்குப் பயன்படும்!

இப்போது எண்ணெய் அழுத்தமும் கைகொடுக்கிறது.

குண்டுகள் தேய்ந்தால் ஸ்டீரிங் "ஆட்டம்" காணும். மலை ஏறுமுன் அதைச் சோதிப்பது, பயணிகளின் உயிரைக் காப்பதாகும்.