கம்ப்யூட்டரின் தினக்குறிப்பு

மும்பையில் மாட்டுங்கா என்றதும் தென்னிந்தியர்களின் குடியிருப்புகளும் கோயில்களும் காப்பிக் கடைகளுமே பெரும்பாலோர் நினைவிற்கு வரும். 1915-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ரயில்வே பெட்டித் தொழிற்சாலையும், 1923-ல் பைகுல்லாவிலிருந்து இங்கு இடம்பெயர்ந்த தொழில்நுட்பக் கல்லூரியும் அப்பகுதியில்தான் இருக்கின்றன. இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, பரம்பரை பரம்பரையாகச் சொந்த ஊருக்குச் செல்வது ரயிலில்தான். திடீரென்று ஊர் செல்ல நேரிட்டால் அவர்கள் நம்பியிருப்பது 'தத்கால்' ஒதுக்கீட்டை. ரயில் புறப்படுவதற்கு முந்தைய நாள், குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், ஏனைய வகுப்புகளுக்கு 11 மணிக்கும் அதன் பதிவு தொடங்குகிறது.

அந்த நேரத்தில் நாடெங்கிலும் உள்ளோர் ஒரே கதவைத் தட்டுகின்றனர். 2025-ஆம் ஆண்டு மே 22-ஆம் தேதி காலை 10 மணிக்கு, ஒரே நிமிஷத்தில் 31,814 டிக்கெட்டுகள் இணையவழியாகப் பதிவாயின. அதுவரை ஒரு நிமிஷத்தில் நிகழ்ந்த பதிவுகளில் இதுவே மிக அதிகமானது என்று ரயில்வே அமைச்சகம் அறிவித்தது. விநாடிக்கு ஏறக்குறைய 530 டிக்கெட்டுகள்! வெற்றி பெறாமல் திரும்பியவர்களின் முயற்சிகள் இக்கணக்கில் சேரவில்லை.

இத்தகைய நெரிசலில் ஒரு கம்ப்யூட்டர் திணறினால், மறுநாள் பொறுப்பாளரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: பத்து மணிக்கு என்ன நிகழ்ந்தது? விடை மனிதரின் நினைவிலிருந்து வர இயலாது. யந்திரம் தானே எழுதி வைத்துள்ள குறிப்பிலிருந்துதான் வரவேண்டும். ரயில்வேயின் முன்பதிவு அமைப்பில் எக்கருவிகள் கையாளப்படுகின்றன என்பது இக்கட்டுரையின் பொருளன்று. உலகெங்கும் எண்ணற்ற நிலையங்களில் லினக்ஸ் அமைப்பின்கீழ் இயங்கும் கம்ப்யூட்டர்களில் பரவலாக வழங்கும் ஒரு முறையே இங்கு விவரிக்கப்படுகிறது.

இம்முறையின் அடிப்படை மின்சார மீட்டரைப் போன்றது. மாட்டுங்காவிற்கு மின்சாரம் வழங்குவது 'பெஸ்ட்' நிறுவனம். வீட்டு மீட்டரின் எண் ஏறிக்கொண்டே போகும். ஊழியர் மாதம் ஒருமுறை வந்து அவ்வெண்ணைக் குறித்துச் செல்வது நெடுநாளைய வழக்கம். சென்ற மாத எண்ணை இம்மாத எண்ணிலிருந்து கழித்தால் செலவு தெரிந்துவிடும். ஆனால் எந்த நாள் இரவில் விளக்குகள் அனைத்தும் எரிந்தன என்பதை அக்கழித்தலிலிருந்து எவராலும் சொல்ல இயலாது. கம்ப்யூட்டரின் மையப் பகுதியும் இவ்வாறே, தான் இயங்கத் தொடங்கிய கணம் முதல், எவ்வளவு காலம் வேலை செய்தது, எவ்வளவு காலம் சும்மா இருந்தது, வட்டிலிருந்து எத்தனை முறை படித்தது என்பனவற்றைக் கூட்டிக்கொண்டே போகிறது. 'சிஸ்ஸ்டாட்' என்னும் தொகுப்பு அவ்வெண்களைக் குறித்த இடைவெளிகளில் படித்து ஒரு கோப்பில் பதிகிறது. இதனை லினக்ஸுக்காக இயற்றியவர் செபாஸ்தியான் கோதார் என்பவர். இதன் முக்கிய கட்டளை 'சார்' எனப்படும். யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் பெயர் இது. தமிழர் செவிக்கு மேலதிகாரியை விளிப்பது போல் ஒலித்தாலும், கருவி அத்தகைய மரியாதையை எதிர்பார்ப்பதில்லை.

பதிவுக் கோப்பு இரும எண் வடிவில் இருப்பதால் மனிதர் நேரே படிக்க இயலாது. அதைப் பிறர் பயன்படுத்தும் வடிவிற்கு ஏற்றுமதி செய்வதே 'எஸ்.ஏ.டி.எஃப்.' என்னும் துணைக் கட்டளையின் பணி. திரையில் ஒரு வரி தட்டச்சு செய்தால் போதும். 'டி' என்னும் குறியைச் சேர்த்தால், அரைப்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட அட்டவணை கிடைக்கும். கணக்குத் தாள் நிரல்கள் அதை ஏற்றுக்கொள்ளும். 'ஜே' என்றால் ஜேசன் வடிவம், 'எக்ஸ்' என்றால் எக்ஸ்.எம்.எல்., 'ஜி' என்றால் வரைபடமே கிடைத்துவிடும். இன்ன மணி முதல் இன்ன மணி வரை, இன்ன அளவை மட்டும் என்றும் கேட்கலாம்.

இவ்வளவில் விஷயம் எளிது. சிக்கல் இனிமேல்தான்.

வழக்கமான ஏற்பாட்டில் குறிப்பு எடுக்கப்படுவது பத்து நிமிஷத்திற்கு ஒருமுறை. ஓர் உதாரணம் கொள்வோம். பத்து மணி முதல் பத்தேபத்து வரையிலான இடைவெளியில், முதல் இரண்டு நிமிஷங்கள் யந்திரம் முழுத் திறனில், அதாவது நூற்றுக்கு நூறு, உழைத்தது. எஞ்சிய எட்டு நிமிஷங்கள் நூற்றுக்குப் பதினைந்து மட்டுமே. பதிவில் விழும் சராசரி 32. அட்டவணையைப் பார்க்கும் அதிகாரி, மூன்றில் இரண்டு பங்கு திறன் மிச்சமிருந்ததே என்று முடிவு செய்வார். ஆனால் டிக்கெட்டுக்குக் காத்திருந்தவரின் கதி அந்த இரண்டு நிமிஷங்களிலேயே தீர்ந்துவிட்டது. ஏற்றுமதி செய்யும்போது நுண்ணிய இடைவெளியைக் கேட்டும் பயனில்லை. பதியப்படாத இடை எண்கள் மீட்டரோடு போய்விட்டன. பெரிய இடைவெளியைப் பின்னர் உண்டாக்கலாம், சிறிய இடைவெளியை உண்டாக்க இயலாது. ஆகவே பரபரப்பான நேரங்களுக்கு நிமிஷத்திற்கு ஒருமுறையோ, இன்னும் நெருக்கமாகவோ குறிப்பெடுக்கும்படி முன்கூட்டியே அமைத்துக்கொள்வது அவசியம். கோப்பு பெரிதாகும் என்ற அச்சம் இக்காலத்து வட்டுகளின் கொள்ளளவுக்கு முன் பொருட்படுத்தத்தக்கதன்று.

இரண்டாவது சிக்கல் கடிகாரத்தைப் பற்றியது. இந்தியர்களுக்கு இது தனி முக்கியத்துவம் உடையது. மேற்கூறிய அட்டவணை வடிவில், வேறு ஏதும் சொல்லாவிடில், நேரம் உலகப் பொது நேரப்படி அச்சாகும். இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. காலை 10 மணி நெரிசலைத் தேடுபவர் அட்டவணையில் 10 என்ற இடத்தைப் பார்ப்பாரேயானால், அங்கே இருப்பது பிற்பகல் மூன்றரை மணியின் அமைதி. அவர் தேட வேண்டிய இடம் 04:30. நள்ளிரவு முதல் அதிகாலை ஐந்தரை வரையிலான பதிவுகளோ முந்தைய நாளின் தேதியைத் தாங்கி நிற்கும். அரை மணிக் கூறு இருப்பதனால், மணி எண்ணை மட்டும் மாற்றிக் கணக்கிடும் பழக்கமுடைய வெளிநாட்டு நிரல்களும் இங்கே தவறிவிடக்கூடும். கட்டளையில் உள்ளூர் நேரத்தைக் கோரும் குறி ஒன்று உண்டு. அறிக்கை எழுதுவோர் அதை உபயோகிப்பதோடு, எந்த நேரக் கணக்கு என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுதல் நலம்.

யந்திரம் இடையில் நின்று மீண்டும் இயங்கினால் கூட்டெண்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஏற்றுமதியில் அவ்விடத்தில் மறுதொடக்கத்தைக் குறிக்கும் தனி வரி ஒன்று வரும். அட்டவணையைத் துப்புரவு செய்வதாக எண்ணி அவ்வரியை நீக்கிவிடுவது பெரும் பிழை. 10 மணி 1 நிமிஷத்திற்கு யந்திரம் விழுந்ததா என்ற கேள்விக்கு அது ஒன்றே சாட்சியாக இருக்கலாம்.

விண்டோஸ் அமைப்பிலும் இதற்கு இணையான 'ரீலாக்' என்னும் கட்டளை உள்ளது. அதுவும் இருமப் பதிவை, காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட அட்டவணையாக்கித் தரும்; தொடக்க நேரமும் முடிவு நேரமும் குறிப்பிடலாம். கோப்பைச் சிறிதாக்க, இத்தனையாவது பதிவுகளை மட்டும் எடு என்று அதற்குச் சொல்லும் வசதி உண்டு. இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஐந்தில் ஒன்றை எடுக்கும்படி கூறினால், அது ஐந்தின் சராசரியைத் தருவதில்லை, நான்கை விட்டுவிடுகிறது. விடப்பட்ட நான்கில்தான் உச்சம் இருந்திருக்கலாம். எனவே முதலில் முழுப் பதிவையும் ஏற்றுமதி செய்து, உச்ச மதிப்பைத் தனியே கண்டபின், சுருக்குவதே முறை.

லினக்ஸ் கோப்புகளுக்கு ஆயுளும் அதிகமில்லை. அவை பெரும்பாலும் மாதத்தின் தேதியைப் பெயராகக் கொண்டவை. அமைப்பைப் பொறுத்து ஒரு வாரத்திலோ நான்கு வாரங்களிலோ அழிக்கப்படும். தொகுப்பின் பதிப்பு மாறினால், பழைய பதிவைப் புதிய கருவி படிக்க மறுப்பதும் உண்டு. அதற்கெனக் கோப்பை மாற்றித் தரும் வசதியும் 'எஸ்.ஏ.டி.எஃப்.' கட்டளையிலேயே வைக்கப்பட்டுள்ளது. அனுபவமிக்க பொறுப்பாளர்கள் நாள்தோறும் நள்ளிரவு கடந்ததும் முந்தைய நாளின் பதிவை எளிய எழுத்து வடிவில் ஏற்றுமதி செய்து, வேறொரு யந்திரத்தில் சேர்த்து வைக்கின்றனர். மூலக் கோப்பையும் அதனுடன் சேர்த்தே வைக்கின்றனர். எந்த அளவை வேண்டியிருக்கும் என்பது விசாரணை தொடங்கிய பிறகே தெரியவரும்.