"திங்கட்கிழமையோட விட்டுடறேன் ப்ரோ"

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு மெயில் வந்துச்சு. "தினமும் குடிக்கிறேன். திங்கட்கிழமையோட மொத்தமா விட்டுடலாம்னு இருக்கேன். வில்பவர் வளர்க்க டிப்ஸ் சொல்லுங்க ப்ரோ."

ப்ரோ, முடிவு சூப்பர். ஆனா டாக்டரைப் பார்க்காம திடீர்னு நிறுத்தாதீங்க. ஏன்னு சொல்றேன்.

என் பழைய ரூம்மேட் ஒருத்தன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல வீக்கெண்ட் பீர். மூணு வருஷத்துல தினமும் ராத்திரி குவார்ட்டர், அப்புறம் ஆஃப். ஒருநாள் அவனே பாட்டிலை எல்லாம் தூக்கிப் போட்டான். நாங்க கைதட்டினோம். மறுநாள் காலைல கை நடுக்கம், வேர்த்துக் கொட்டுது. காய்ச்சல்னு நினைச்சு நான் பாரசிட்டமால் கொடுத்தேன். அன்னைக்கு ராத்திரி அவனுக்கு வலிப்பு வந்துடுச்சு. ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "நிறுத்தினது சரி, ஏம்பா தனியா நிறுத்தினே?"

நடந்தது இதுதான். மூளைல காபான்னு ஒரு ரசாயனம் பிரேக் மாதிரி. க்ளூட்டமேட் ஆக்சிலரேட்டர் மாதிரி. மது பிரேக்கை அழுத்தும். தினமும் அழுத்தினா, மூளை ஈடுகட்ட ஆக்சிலரேட்டரை ஏத்தி வெச்சுக்கும். திடீர்னு மதுவை எடுத்தா பிரேக் விட்டுப்போகும், ஆக்சிலரேட்டர் மட்டும் முழுசா ஓடும்.

கடைசியா குடிச்சு ஆறு மணி நேரத்துலயே நடுக்கம் ஆரம்பிக்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாவது நாள்லேர்ந்து நாலாவது நாளுக்குள்ள சிலருக்குக் கடுமையான குழப்பம் வரும், இல்லாத உருவம் தெரியும். இதுக்குப் பேரு டெலிரியம் ட்ரெமன்ஸ். உயிரே போகலாம், உடனே 108-க்கு போன் பண்ணணும். எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனா காலைல நடுக்கம் அடங்கவே குடிக்கிறவங்களும், முன்னாடி வலிப்பு வந்தவங்களும் கண்டிப்பா தனியா நிறுத்தக் கூடாது.

டாக்டர்கிட்ட போனா, சில நாள் மருந்து கொடுத்துப் படிப்படியா குறைப்பாங்க, கூடவே வைட்டமின் பி1. அப்புறம் குடிக்கணும்ங்கிற வெறியைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாதிரி மாத்திரைகள், கவுன்சலிங். வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணு: தெரியாம சாப்பாட்டுல மருந்து கலந்து கொடுக்காதீங்க. டைசல்ஃபிராம் மாதிரி மருந்தைச் சாப்பிட்டது தெரியாம ஒருத்தர் குடிச்சா, உயிருக்கே ஆபத்து.

எங்க போறது? அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவு இருக்கு. சென்னைல டி.டி.கே. மருத்துவமனை 1980-லேர்ந்து இதையே செய்யுது. போன்ல பேசணும்னா போதை மீட்புக்கு 14446, மனநலத்துக்கு டெலி-மானஸ் 14416. "எச்.ஆருக்குத் தெரிஞ்சுடுமோ"ன்னு பயப்படாதீங்க. குடி அடிமைத்தனமும் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது. சிகிச்சை விவரத்தை ரகசியமா வெச்சுக்கறது உங்க உரிமை.

ரூம்மேட் என்ன ஆனான்? சிகிச்சை முடிஞ்சு நாலு மாசத்துல ஒருதடவை சறுக்கினான். திட்டு விழும்னு பயந்து மறைக்கப் பார்த்தான். அப்புறம் அவனே போன் பண்ணி, "மச்சான், திரும்ப டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ"ன்னான். இப்ப ரெண்டு வருஷம் ஆச்சு.

மெயில் போட்ட ப்ரோ, திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம். இந்த எபிசோட் முடிஞ்சதும் 14446-க்கு ஒரு போன் போடுங்க. கூட யாராச்சும் ஒரு ஃப்ரெண்டுகிட்ட சொல்லி வைங்க.