பீரங்கி முதல் கொள்கலன் வரை: கிள்ளான் துறைமுகமும் லங்காட் கரையும்

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஜெஞ்சாரோம் மக்களுக்கு மோரிப் கடற்கரைதான். பாயும் சோற்றுப் பொட்டலமுமாகக் குடும்பத்தோடு போய், கடல் வற்றிக் கிடப்பதைப் பார்த்து, "இன்றைக்குக் குளித்த மாதிரிதான்!" என்று அலுத்துக்கொள்வோர் உண்டு. அதே சேறு ஒரு பெரும் படையையே தடுமாற வைத்தது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தக் கதை பிறகு. முதலில் ஜுக்ராவிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று துறைமுகம் என்றால் கிள்ளான். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட் வாழ்ந்தது லங்காட் பகுதியில். அந்நாளில் ஆற்று முகத்துவாரம் யார் கையில் இருக்கிறதோ, அவருக்கே ஈய வரி. அதனால்தான் கிள்ளான் ஊருக்காக அவ்வளவு இரத்தம் சிந்தியது. 1867-இல் ராஜா அப்துல்லாவிடமிருந்து ராஜா மஹாடி அதைப் பறித்தார். சுல்தானின் மருமகன் துங்கு கூடின் 1870-இல் மீட்டார். சண்டை 1874 வரை ஓயவில்லை. இதற்கிடையே 1871-இல் 'ரினால்டோ' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கோல சிலாங்கூர்க் கோட்டையைப் பீரங்கியால் தாக்கியது. காரணமாகச் சொல்லப்பட்டது கடற்கொள்ளை.

1873 நவம்பரில் ஜுக்ரா ஆற்று முகத்துவாரத்தில் மலாக்காவைச் சேர்ந்த படகு ஒன்று கொள்ளையடிக்கப்பட்டது. 1874 பிப்ரவரியில் ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் கடற்படையோடு லங்காட்டுக்கு வந்து நின்றார். பிடிபட்டவர்களுக்கு விசாரணை நடந்தது. மரண தண்டனையை நிறைவேற்றத் தமது கிரிஸ் கத்தியையே சுல்தான் அனுப்பிவைத்தார். கொள்ளையை ஒடுக்க வந்தவர்கள் திரும்பிப் போனார்களா? இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் 24 வயது அதிகாரி ஒருவர் லங்காட்டில் தங்க வைக்கப்பட்டார். அவர் பெயர் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம்.

பழைய கிள்ளான் துறை ஆற்றுக்குள் இருந்தது. பெரிய கப்பல்கள் அங்கே ஏற முடியாது. ஆகவே 1899-இல் இரயில் பாதையை முகத்துவாரம் வரை நீட்டினார்கள். 1901 செப்டம்பர் 15-இல் புதிய துறைமுகம் 'போர்ட் சுவெட்டன்ஹாம்' என்ற பெயரில் திறக்கப்பட்டது. அலையாத்திக் காடும் சதுப்புமான இடம். மலேரியாக் காய்ச்சல் தொழிலாளர்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது.

கொசுவால்தான் மலேரியா பரவுகிறது என்று இந்தியாவில் ரோனால்ட் ராஸ் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் அதை நம்பினார். காட்டை வெட்டி, கரை கட்டி, கால்வாய் தோண்டிச் சதுப்பு நீரை வடிய வைத்தார்கள். கிள்ளானிலும் துறைமுகத்திலுமாக 1901-இல் காய்ச்சலுக்குப் பலியானோர் 368 பேர். மறு ஆண்டில் 59 பேர். மருந்து செய்யாததை மண்வெட்டி செய்தது.

நம்மவர்களில் பலருக்கு இது தாத்தா பாட்டி இறங்கிய துறை. நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பலில் வந்தவர்கள் பினாங்கை அடுத்துக் கண்ட கரை இதுதான். நோய் பரவாதிருக்கத் தனிமை முகாமில் அடைத்து வைத்து, பிறகுதான் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள்.

அந்தத் தோட்டங்களில்தான் 1941-இல் கிள்ளான் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டார். படை வந்தது, அதிலும் இந்தியச் சிப்பாய்கள்! துப்பாக்கிச்சூட்டில் 5 பேர் மாண்டனர். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஏழு மாதங்களில் ஜப்பானியர் மலாயாவுக்குள் நுழைந்துவிட்டார்கள்.

இனி மோரிப். ஜப்பானிடமிருந்து மலாயாவை மீட்கப் பிரிட்டிஷார் தீட்டிய திட்டத்துக்கு 'ஸிப்பர்' என்று பெயர். மோரிப்பில் இறங்கி, கெலனாங் விமானத் திடலையும் போர்ட் சுவெட்டன்ஹாமையும் பிடிப்பது நோக்கம். 1945 ஜூனில் நீர்மூழ்கிக் கப்பலில் வந்தவர்கள் இரவில் இக்கரையைச் சோதித்தார்கள். சிலரால் கப்பலுக்குத் திரும்ப முடியாமல் போய், காட்டில் கெரில்லாக்களிடம் தஞ்சமடைந்தார்கள். இத்தனை செய்தும் சேற்றின் ஆழம் பிடிபடவில்லை.

செப்டம்பர் 9-ஆம் நாள் 25-ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு கரையிறங்கியது. மணல் என்று நம்பிய இடத்தில் லாரிகளும் கவச வண்டிகளும் புதைந்தன. ஜப்பான் சரணடைந்து ஒரு வாரம் ஆகியிருந்ததால் எதிரே துப்பாக்கி முழங்கவில்லை. முழங்கியிருந்தால் அந்தச் சேற்றில் எத்தனை இந்தியத் தாய்மார்களின் பிள்ளைகள் கிடந்திருப்பார்களோ! கரையிறங்கியதன் நினைவுக்கல் மோரிப்பில் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் பிள்ளைகள் பட்டம் விட ஓடுகிறார்கள்.

ஜெஞ்சாரோமும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில், காட்டோரச் சீனக் குடும்பங்களை ஒரே இடத்தில் குடியேற்றிக் காவலுக்குள் வைத்த புதுக்கிராமங்களில் இதுவும் ஒன்று.

சுவெட்டன்ஹாம் பெயர் 1972-இல் போய், போர்ட் கிள்ளான் ஆனது. 2023-இல் அங்கே கையாண்ட கொள்கலன்கள், 20 அடிப் பெட்டிக் கணக்கில், 1 கோடியே 40 இலட்சம். அடுத்த முறை மோரிப் போகிறவர்கள் வழியில் ஜுக்ரா மலைக்கும் வண்டியைத் திருப்பலாம். அங்கே கலங்கரை விளக்கம் நிற்கிறது. வானம் தெளிவாக இருந்தால், சுல்தானின் காலத்தில் போர்க்கப்பல்கள் வந்த அந்த நீரிணையை மேலிருந்து பார்க்கலாம்.