லிட்டர் வேறு, கிலோ வேறு

ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் பாக்கெட்டைத் தராசில் வைத்தால் ஒரு கிலோ வராது. 910 கிராம் சுமாருக்குத்தான் வரும். இதில் கடைக்காரர் தப்பு எதுவும் இல்லை. லிட்டரும் கிராமும் பாக்கெட்டின் ஓரத்திலேயே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும், நாம்தான் படிப்பதில்லை.

லிட்டர் என்பது ஒரு திரவம் அடைத்துக்கொள்ளும் இடம். கிலோ என்பது அதில் உள்ள பொருளின் அளவு. இந்த இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணத்தை நம் மனதில் ஊன்றியது தண்ணீர். பிரான்சில் 1795-ல் மெட்ரிக் அளவுகளை வகுத்தபோது தண்ணீரின் எடையை வைத்தே கிராமை நிர்ணயித்தார்கள். அதனால் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோவாக அமைந்தது. மற்ற திரவங்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஒரு லிட்டர் தேன் 1.4 கிலோவை ஒட்டி இருக்கும், பாதரசமோ 13.6 கிலோ. ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ என்கிற இந்த எண்ணுக்குப் பெயர்தான் அடர்த்தி.

விலை விசாரிக்கும்போது இது பணமாகவே தெரியும். ஒரு கடையில் செக்கு நல்லெண்ணெய் லிட்டர் 380 ரூபாய், பக்கத்துக் கடையில் கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் கடைதான் மலிவு என்று தோன்றும். 400-ஐ 0.91-ஆல் பெருக்கினால் 364. இரண்டாவது கடையில்தான் லிட்டருக்கு 16 ரூபாய் மிச்சம்.

அடர்த்தியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. சூடேறினால் எண்ணெய் விரியும். அதே ஒரு லிட்டருக்குள் குறைவான எண்ணெயே அடங்கும். இந்த உண்மையைச் சில எண்ணெய் நிறுவனங்கள் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டன. '60 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர்' என்று பாக்கெட்டில் அச்சிட்டன. ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். பாக்கெட்டுக்கு 26 கிராமுக்கு மேல் வித்தியாசம். 60 டிகிரியில் எந்த வீட்டு அலமாரி இருக்கிறது? மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் தலையிட்டது. வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவை அச்சிட வேண்டும், கூடவே எடையையும் சரியாகச் சொல்ல வேண்டும் என்று அறிவுறுத்தியது.

விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கும் இந்த விரிவுதான் ஆதாரம். தத்துவம் சரி. ஆனால் பங்கில் தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அங்கே வெப்பநிலை பெரிதாக மாறாது. சீக்கிரம் எழுந்ததுதான் மிச்சம்!

எரிபொருள் கணக்கில் உயிரே ஊசலாடிய சம்பவம் 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்தது. ஏர் கனடாவின் புதிய போயிங் 767 விமானத்தில் எரிபொருள் மானி பழுது. தொட்டியில் குச்சி விட்டு அளந்ததில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.803-ஆல் பெருக்கியிருக்க வேண்டும். கனடா அப்போதுதான் மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. பழைய பழக்கத்தில் 1.77-ஆல் பெருக்கிவிட்டார்கள். அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண். விளைவு, 20,088 லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர்தான் நிரப்பினார்கள். 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சின்களும் நின்றன. விமானி ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர் என்பது அதிர்ஷ்டம். கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் விமானத்தை மிதக்கவிட்டே இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள்.

நம்மூர் பால் சொசைட்டியில் இந்தக் கணக்கு தினமும் நடக்கிறது. ஒரு லிட்டர் பசும்பால் 1.03 கிலோவை ஒட்டி இருக்கும். லாக்டோமீட்டரில் 28 என்று காட்டினால் அடர்த்தி 1.028 என்று பொருள். தண்ணீர் கலந்தால் எண் இறங்கும், குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் பாலிலேயே லேசான பகுதி கொழுப்புதான். ஆடையை எடுத்துவிட்டால் மிச்சப் பாலின் அடர்த்தி ஏறும். அதில் அளவாகத் தண்ணீர் ஊற்றினால் எண் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். லாக்டோமீட்டர் ஒன்றுமே நடக்காதது போல நல்ல பால் என்று சொல்லும். அதனால்தான் சொசைட்டியில் லாக்டோமீட்டரோடு விடாமல் கொழுப்பையும் தனியாகச் சோதித்து, இரண்டையும் வைத்து விலை போடுகிறார்கள்.