குஞ்சத்தை நம்ப வேண்டாம்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற சாலையில், பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த தலம் என்பது ஐதிகம். அங்குள்ள விஜயராகவப் பெருமாளைச் சேவித்துவிட்டு, காஞ்சியில் பட்டு எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. பட்டைச் சோதிக்க இந்தப் பக்கத்தில் ஒரு பழைய வழி இருக்கிறது. ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டி முகர்ந்து பார்ப்பது. முடி கருகும் வாடை வந்தால் பட்டு. காகிதம் எரிகிற வாடை என்றால் ரேயான். உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர்.

கம்பளம் வாங்கும்போது இதே சோதனை காலை வாரிவிடும். கம்பளி என்பது ஆட்டின் முடி. அதிலும் அதே வாடைதான் வரும். பட்டும் கம்பளியும் இரண்டுமே புரதம்.

இன்னொரு தவறும் நடக்கிறது. ஓரத்துக் குஞ்சத்திலிருந்து இழையை உருவுகிறார்கள். குஞ்சம் என்பது பாவு நூலின் நுனி. பட்டு முடிச்சுப் போட்ட காஷ்மீர்க் கம்பளங்களிலும் பாவு பருத்தியாக இருப்பது சகஜம். பாவையும் ஊடையையும் பார்த்தே வளர்ந்த நெசவாளர் குஞ்சத்தைத் தொடமாட்டார். மேலே நிற்கும் முடிச்சு இழைகளில் ஒன்றைத்தான் கேட்பார்.

பட்டா கம்பளியா என்பதைக் கண்ணும் விரலும்தான் சொல்ல வேண்டும். பட்டிழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணம். அதனால் ஒளி சிதறி மினுக்கும். ஒரு பக்கம் நின்று பார்த்தால் வெளிர் நிறம், சுற்றி வந்தால் அடர் நிறம். கம்பளியில் பளபளப்பு மட்டு. அழுத்திவிட்டு விரலை எடுத்தால் துள்ளி நிமிரும். ‘ஆர்ட் சில்க்’ என்று விற்கும் விஸ்கோஸும் பட்டைப் போலவே மினுக்கும். அங்கே மட்டும் நெருப்பை நம்பலாம்.

சுத்தம் செய்வதற்கும் அந்தப் புரதம்தான் கணக்கு. குளோரின் பிளீச் பட்டு, கம்பளி இரண்டையும் அரித்துக் கரைத்துவிடும். சலவைச் சோடாவும் கூடாது. கம்பளி இழையில் மீன் செதில் போன்ற அடுக்குகள் உண்டு. வெந்நீரில் கசக்கினால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு கம்பளி சுருங்கித் தடித்துவிடும். காபி கொட்டினால் தேய்க்காமல், வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்துணியை ஒரு மூலையில் அழுத்திப் பார்த்து, சாயம் ஒட்டினால் தண்ணீரே வேண்டாம். பட்டுக் கம்பளத்தை முழுதாக நனைப்பதைக் கைதேர்ந்தவரிடம் விடுவதே நல்லது. உலர்த்துவது, பட்டுப் புடவையைப் போலவே, நிழலில்.

சோபாவுக்கு அடியில் கிடக்கும் பகுதியை மாதம் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது அவசியம். கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழுக்கள் குடியிருப்பது அந்த இருட்டில்தான்.