கோட்டைக் கடந்தது யார்? எப்போது?

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)



காலம் பொன் போன்றது என்று ஒன்றாம் வகுப்பிலிருந்தே கேட்டு வருகிறோம். பொன்னை நிறுக்கத் தராசு உண்டு. காலத்தை நிறுக்கும் தராசு பொய்த்துப் போனால் என்ன ஆகும்? அதை நான் என் கையாலேயே அறிந்துகொண்டேன்.

சென்ற ஆண்டு விளையாட்டு விழாவை ஒட்டி 200 மீட்டர் ஓட்டத்துக்குத் தகுதிச் சுற்றுகள் நடந்தன. ஓடும் ஒவ்வொருத்திக்கும் ஒரு மாணவி ஸ்டாப் வாட்சுடன் நின்றாள். நான்காம் தடத்து மாணவிக்கு நான் நேரம் குறிக்க வேண்டும். அவளுக்கு அடுத்த தடத்தில் ஓடி வந்தவளோ என் உயிர்த்தோழி. கோட்டைப் பார்க்க வேண்டிய என் கண் தோழியைப் பார்த்தது. கட்டைவிரல் தாமதமாக அழுந்தியது. நான் எழுதிக் கொடுத்த நேரப்படி, நான்காம் தடத்து மாணவி விநாடியில் பத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் இறுதிப் போட்டிக்குத் தகுதி இழந்தாள். அந்த இடம் என் தோழிக்குக் கிடைத்தது. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அந்த முள் உறுத்திக்கொண்டிருந்தபோதுதான் விடுமுறைக்குக் கோயம்புத்தூரில் இருக்கும் என் மாமா வீட்டுக்குப் போனேன். மாமாவும் அவர் நண்பர்களும் மாதம் ஒருமுறை ஓர் இறகுப்பந்து அரங்கத்தை வாடகைக்கு எடுத்து, ரேடியோவால் இயக்கும் சிறிய கார்களைப் பந்தயம் விடுவார்கள். அங்கே நேரம் குறிக்க ஒருவர் கையிலும் ஸ்டாப் வாட்ச் இல்லை. ஆயினும் ஒவ்வொரு காரின் ஒவ்வொரு சுற்றும் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணினியில் பதிந்தது. எப்படி என்று கேட்டேன். “கேட்டால் போதாது கண்ணு, வந்து கம்பியைப் பிடி” என்றார் மாமா. அன்று நான் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

பொம்மை அல்ல, பந்தயக் கார்

இக்கார்களைக் கடைப் பொம்மைகள் என்று எண்ணிவிடாதீர்கள். உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு, பன்னிரண்டில் ஒரு பங்கு என்று அளவு வகுத்து இவற்றைச் செய்கிறார்கள். அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டிலேயே இப்பந்தயத்துக்கென ‘ரோர்’ என்ற அமைப்பு ஏற்பட்டது. 1977இல் கலிபோர்னியாவிலுள்ள பொமோனாவில் எட்டில் ஒரு பங்கு அளவுக் கார்களுக்கு முதல் உலகப் போட்டி நடந்தது. ஓட்டுநர்கள் உயரமான மேடையில் வரிசையாக நின்று, கையிலுள்ள கருவியால் தத்தம் காரை இயக்குவார்கள்.

பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மின்சாரக் கார்களின் பந்தயம் பொதுவாக 5 நிமிடம். அந்த நேரத்தில் யார் அதிகச் சுற்றுகள் ஓடினார் என்பதே முதற் கேள்வி. 5 நிமிடம் முடிந்ததும், ஓடிக்கொண்டிருக்கும் சுற்றை முடித்துக்கொள்ளலாம். இருவர் ஒரே எண்ணிக்கையில் முடித்தால், குறைந்த நேரத்தில் முடித்தவர் முந்தியவர். ஆகவே எண்ணிக்கையும் பிழைக்கக் கூடாது, நேரமும் பிழைக்கக் கூடாது.

இதில் உள்ள இடர்ப்பாட்டை ஒரு சிறு கணக்கால் காணலாம். ஒரு சுற்றுக்கு 12 விநாடி என்று கொள்வோம். 5 நிமிடத்தில் ஒரு கார் 25 சுற்று ஓடும். பத்துக் கார்கள் ஓடினால் கோட்டை 250 முறை கடக்கும். அதாவது சராசரியாக 1.2 விநாடிக்கு ஒரு கார். சில சமயம் மூன்று கார்கள் ஒட்டிக்கொண்டு வரும், சில சமயம் ஒன்றும் வராது. முற்காலத்தில் காருக்கு ஒருவர் உட்கார்ந்து, காகிதத்தில் கோடு கிழித்துச் சுற்றுகளை எண்ணினார்கள். ஒரு தும்மலில் ஒரு சுற்று தவறிவிடலாம் அல்லவா?

நேரமும் அப்படியே. கார் விநாடிக்கு 10 மீட்டர் ஓடினால், கட்டைவிரல் தாமதிக்கும் பத்தில் இரண்டு பங்கு விநாடியில் அது 2 மீட்டர் போய்விடும். தடகளத்திலும் இதை உணர்ந்திருக்கிறார்கள். கையால் நேரம் குறிக்கும்போது ஒருவருக்கு மூன்று பேர் கடிகாரம் பிடிக்க வேண்டும் என்பதும், மூன்றும் வேறுபட்டால் நடுவிலுள்ள நேரத்தையே எடுக்க வேண்டும் என்பதும் விதி. 1977 ஜனவரி முதல் 400 மீட்டர் வரையுள்ள ஓட்டங்களில் உலகச் சாதனைக்குத் தானியங்கிக் கருவியின் நேரமே ஏற்கப்படுகிறது.

ஒளிக்கதிர் போதுமா?

“பாதைக்குக் குறுக்கே ஓர் ஒளிக்கதிரை விட்டால் போதுமே, கார் அதை மறைக்கும் கணத்தில் கடிகாரம் நிற்குமே” என்றேன் மாமாவிடம். “நல்ல யோசனைதான். ஆனால் மறைத்தது யார்?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஒளிக்கதிர் ‘ஏதோ ஒன்று கடந்தது’ என்று சொல்லும். ‘இன்னார் கடந்தார்’ என்று சொல்லாது. இரண்டு கார்கள் இணையாக வந்தால் இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். நடுவில் ஒருவர் காலை வைத்தால் அதையும் காராகவே எண்ணும்! ஆகவே ஒவ்வொரு காரும் கடக்கும்போது தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும். நம் வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிக்கும்போது எண்ணைச் சொல்லி “உள்ளேன்” என்கிறோமே, அதைப் போல.

தன் எண்ணைச் சொல்லும் கார்

இந்த வேலைக்குக் காரில் வைக்கும் சிறு பெட்டிக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். சில கிராம் எடைதான் இருக்கும். காரின் ரேடியோ வாங்கியிலிருந்து மின்சாரம் பெறும். அதனுள் ஒரு சிறு கம்பிச்சுருள். அச்சுருளில் மிக விரைவாகத் திசை மாறும் மின்னோட்டம் ஓடி, அந்த டிரான்ஸ்பாண்டருக்கு மட்டுமே உரிய எண்ணை இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கும்.

கேட்பதற்குக் காது வேண்டுமே! பாதைக்குக் குறுக்கே, தரைக்கடியில், ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பிகள் இணையாகக் கிடக்கும். ஒரு முனையில் இரண்டையும் ஒரு சிறு மின்தடை இணைக்கும். மறுமுனையிலிருந்து ஒரு கேபிள் டீகோடர் என்ற கருவிக்குப் போகும். கார் மேலே கடக்கும்போது, சுருளின் மாறும் காந்தப்புலம் கீழேயுள்ள கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும். 1831இல் மைக்கேல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. தேர்வுக்காக நாம் உருப்போட்ட பாடம், மாமாவின் அரங்கத்தில் கம்பளத்துக்கடியில் வேலை செய்துகொண்டிருந்தது!

கார் நெருங்க நெருங்கக் குறிப்பலை வலுக்கும், கடந்ததும் மெலியும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டு கார் வளையத்தைக் கடந்த கணத்தை டீகோடர் கணித்து, எண்ணோடு நேரத்தையும் சேர்த்துக் கணினிக்கு அனுப்பும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் கணினியில் இருக்கும். உடனே திரையில் பெயர், சுற்று எண்ணிக்கை, நேரம் மூன்றும் தோன்றும்.

நெதர்லாந்தில் 1982இல் தொடங்கிய ஏ.எம்.பி. என்ற நிறுவனம் இத்தகைய கருவிகளால் பெயர் பெற்றது. 2008இல் அது, மாரத்தான் ஓடுவோரின் காலணியில் கட்டும் சில்லைச் செய்துவந்த சாம்பியன்சிப் நிறுவனத்துடன் இணைந்து மைலாப்ஸ் ஆயிற்று. சிறு காருக்கும் ஓடும் மனிதருக்கும் நேரம் குறிப்பவர்கள் ஒரே குடும்பமானார்கள் என்று கேட்டபோது, எனக்கு நான்காம் தடத்து மாணவியின் நினைவு வந்தது.

அமைப்பது எப்படி?

முதலில் இடம் தேர வேண்டும். கார்கள் நேராகவும் சீராகவும் ஓடும் பகுதியே ஏற்றது. கார்கள் மோதிக் கவிழும் வளைவு ஆகாது. கவிழ்ந்த கார் கம்பியின் மேலேயே கிடந்தால் தன் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும். பாதையின் வேறொரு பகுதி வளையத்துக்கு அருகே வரக் கூடாது. கீழே இரும்புக் கம்பியோ தகடோ இருந்தால் குறிப்பலை மெலியும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கம்பிகளை இடைவெளி மாறாமல் நேராக இழுத்து ஒட்ட வேண்டும். இந்த வேலையைத்தான் மாமா எனக்குக் கொடுத்தார். அளவுகோலை வைத்துக்கொண்டு முழந்தாளிட்டு ஒரு மணி நேரம் ஒட்டினேன்.

மூன்றாவதாக, காரில் டிரான்ஸ்பாண்டரைத் தரையை நோக்கிய நிலையில் பொருத்த வேண்டும். அதற்கும் தரைக்கும் நடுவே உலோகமோ கார்பன் தகடோ இருக்கக் கூடாது. எல்லோரும் காரின் ஒரே இடத்தில் பொருத்துவது நலம். ஒருவர் மூக்கிலும் ஒருவர் வாலிலும் வைத்தால் முன்பின் தெரியும்.

இறுதியாகச் சோதனை. காரைக் கையில் பிடித்து, பாதையின் இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடங்களிலும் கடக்கச் செய்து, ஒவ்வொரு முறையும் எண் பதிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் அன்று ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு காருக்கு ஒரு சுற்று 3 விநாடி என்று திரை காட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வியர்த்தது. கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தபோது குற்றம் என்னுடையது என்று தெரிந்தது. கம்பியைப் பாதையின் விளிம்பைத் தாண்டி நீளமாக விட்டிருந்தேன். பக்கத்துப் பாதையில் திரும்பி வரும் கார்களையும் அது கேட்டுவிட்டது.

ஒருவர், “குறைந்தபட்சச் சுற்று நேரம் என்று கணினியில் ஓர் அமைப்பு இருக்கிறதே, அதில் 8 விநாடி என்று போட்டால் 3 விநாடிக் கணக்கை அது தானே தள்ளிவிடுமே” என்றார். மாமா தலையை ஆட்டினார். “முதலில் கம்பியைச் சரிசெய் கண்ணு. எண்ணை அப்புறம் போடலாம். பிழையை மூடி வைத்தால் அது போய்விடாது.” அவர் கம்பியைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு வேறொன்றும் கேட்டது.

நம் கண்காட்சியில் நடந்தது

பள்ளி திறந்ததும், நான்காம் தடத்து மாணவியிடமும் என் தோழியிடமும் நடந்ததைச் சொன்னேன். பிறகு விளையாட்டு ஆசிரியையிடமும் சொன்னேன். ஓட்டம் முடிந்து பரிசும் கொடுத்தாயிற்று. எதையும் மாற்ற முடியவில்லை. அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “இனி யாருக்கும் இப்படி நேராமல் ஏதாவது செய்” என்றாள்.

அறிவியல் கண்காட்சியில் நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு சுற்று நேரக் கருவி செய்தோம். டீகோடர் வாங்க நம்மால் ஆகாது. எனவே அகச்சிவப்பு விளக்கு ஒன்று, உணரி ஒன்று, ஆர்டுயினோ பலகை ஒன்று ஆகியவற்றைக் கொண்டு ஒளிக்கதிர் முறையில் அமைத்தோம். ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டுமே ஓடும் என்று விதி செய்தோம். ‘யார்’ என்ற கேள்வி எழவில்லை. சன்னல் வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் இருப்பதால் உணரி குழம்பியது. கறுப்புத் தாளைக் குழாயாகச் சுருட்டி அதன் முன் வைத்ததும் தெளிந்தது.

காரின் முன்பகுதியும் பின்பகுதியும் கதிரைத் தனித்தனியே மறைத்து இரண்டாக எண்ணப்படாமலிருக்க, குறைந்தபட்ச நேரம் 3 விநாடி என்று அமைத்தேன். எல்லோரும் ஒரு சுற்றுக்கு 4, 5 விநாடி எடுத்தார்கள். அப்போது எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி மிக லாவகமாக ஓட்டினாள். திரை 5.6 விநாடி என்றது. “அக்கா, நான் இரண்டு சுற்று ஓட்டினேன், இது ஒன்று என்கிறது” என்றாள். “இயந்திரம் பொய் சொல்லாது” என்று சொல்ல வாயெடுத்தேன். சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

மறுபடி ஓட்டச் சொல்லி நாங்களே எண்ணினோம். அவள் சொன்னதே மெய். அவள் ஒரு சுற்றை 2.8 விநாடியில் முடித்திருந்தாள். 3 விநாடிக்குள் வந்ததால் என் கருவி அதைத் தள்ளிவிட்டு, அடுத்ததைச் சேர்த்து 5.6 என்றது. எல்லோரிலும் வேகமாக ஓட்டியவளே எல்லோரிலும் பின்தங்கியவளாகக் காட்டப்பட்டாள். அமைப்பை 1 விநாடியாகக் குறைத்து, முன்பு ஓட்டிய அனைவரையும் மறுபடி ஓட்டச் செய்தோம். முதற்பரிசு அத்தங்கைக்கே கிடைத்தது.

தோழியரே, இதனால் நான் அறிந்தது இதுதான். கருவிக்கு நட்பில்லை, பகையுமில்லை. ஆனால் நாம் கம்பியை எங்கே இட்டோமோ, எந்த எண்ணைக் கொடுத்தோமோ, அதையே அது தீர்ப்பாகச் சொல்லும். ஆகவே “நான் இரண்டு சுற்று ஓட்டினேன்” என்று ஒருத்தி சொன்னால், முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இவ்வாண்டு விளையாட்டு விழாவில், எங்கள் வேண்டுகோளுக்கிணங்கி, ஒவ்வொரு தடத்துக்கும் மூன்று ஸ்டாப் வாட்சுகள் வைத்தார்கள். 200 மீட்டர் தகுதிச் சுற்றில் அதே மாணவி மறுபடியும் ஓடினாள். அவள் தடத்துக்கான மூன்று கடிகாரங்களில் ஒன்றை என் கையில் கொடுக்கச் சொன்னவள் அவளே. நான் கோட்டை மட்டும் பார்த்தேன். மூன்று கடிகாரங்களில் நடுவிலிருந்த நேரத்தை ஆசிரியை எழுதிக்கொண்டார். அவள் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றாள்.